உர்சுலாவின் கடைசி ரீல்

3 ஆகஸ்ட் 2006, வியாழன்

புழுக்கம். ரூமில் ஏசி மறுபடி படுத்துவிட்டது. டூட்டி முடிந்து வந்தால் கேம்ப் கேட்டருகே உர்சுலா, கேமராவோடு. ஜெர்மன்காரி, சினிமா டைரக்டர். ஷார்ஜாவில் எங்களைப் போன்ற கூலியாட்கள் தங்கும் கேம்ப்களைப் படம் எடுக்கிறார். கதை, பாட்டு எதுவும் கிடையாது. ஒரு முகத்தையே வெகுநேரம் காட்டுவாராம். அவர் ஊரில் முதலில் கைதட்டினார்கள். பிறகு திட்டினார்கள். பிறகு ஆளே வரவில்லை. பல வருடம் படமில்லை. இதுதான் கடைசியாம். எழுபது வயதிருக்கும்.

4, வெள்ளி

லீவு. துணி துவைத்தேன். கேம்ப் பின்சுவரோரம் என்னை உட்காரவைத்தார். "எதையாவது பேசு, உன் பாஷையிலேயே." அந்தோணியைப் பற்றிப் பேசினேன். ஊரில், முட்டத்தில், இருவரும் ஒரே தெரு. சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். உடல் இன்னும் மார்ச்சுவரியில். கம்பெனி கையெழுத்துப் போடவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அவர் அழுதார். "இவ்வளவு காலமும் இந்த ஷாட்டைத்தான் தேடினேன்." கோபம் வந்தது. அவருக்கு ஷாட்.

6, ஞாயிறு

எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான். கேம்ப் பாஸ் தங்கராஜ் கூப்பிட்டார். திருச்சிக்காரர்.

"என்னப்பா சேசு, சினிமால நடிக்கிறியாமே? நீ அந்தோணி பத்திப் பேசுன ரீல் வெளிய போகக் கூடாது. போகலேன்னா அந்தோணி பேப்பர்ல நாளைக்கே கையெழுத்து. போச்சுன்னா, உன் விசாவும் கேன்சல். கலாஸ், எல்லாம் முடிஞ்சுது."

சோறு இறங்கவில்லை. அந்தோணி பெண்டாட்டி மேரி போன். "அண்ணே, அவிய உடம்ப எப்பம் அனுப்புவாவ?"

7, திங்கள்

தங்கராஜ் சொன்னதை உர்சுலாவிடம் சொன்னேன். வேறு ஷாட் எடுக்கலாமே என்றேன். "பணம் போட்டவர்கள் போய்விட்டார்கள். மிச்சமிருந்த பிலிம் அவ்வளவுதான்."  ரீல் டப்பாவோடு எழுந்தார்.

கேம்ப் ஆபீஸ் வாசல், உச்சி வெயில். தங்கராஜ் கை நீட்டினார். உர்சுலா கொடுக்கவில்லை. டப்பாவைத் திறந்து, கழுவாத பிலிமை வெளிச்சத்தில் முழுக்க உருவிப் போட்டார். மணலில் சுருள் சுருளாக. வெளிச்சம் பட்டுவிட்டால் அதில் இனி ஒன்றும் தெரியாது.

"கையெழுத்து," என்றார் தங்கராஜிடம்.

தங்கராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டே பேப்பரை எடுக்க உள்ளே போனார்.

10, வியாழன்

ஏர்போர்ட் கார்கோவில் அந்தோணி. பெட்டிக்கு ஆணி அடித்தாயிற்று. முகம் பார்க்க விடவில்லை.

உர்சுலாவும் வந்தார், கேமரா இல்லாமல். இனி படம் எடுக்கப்போவதில்லை என்றார்.  கையைப் பிடித்துக்கொண்டேன். வற்றிய கை.

12, சனி

உர்சுலா போய்விட்டார். தலைவலி.

மேரி போன். பின்னால் ஒப்பாரி. "பெட்டிய திறக்காண்டாம்னு சொல்லுதாவ. உள்ள அவியதானா? நீங்க முகத்தப் பாத்தியளா அண்ணே?"

பார்த்தேன் என்றேன்.