இரண்டு புடவை இருமல்

ஜூன் 9
ஆன்லைன் சுகாதாரத் தகவலியல் வகுப்பு, ஐந்தாம் வாரம். "தரவு சுத்தமா இருக்கணும்" என்று சார் இன்று பதினோரு முறை சொன்னார். எண்ணினேன். அம்மா எட்டிப் பார்த்து, "டாக்டருக்காடி படிக்கிற?" என்றாள். இல்லம்மா, நோயாளிங்க விவரத்தைக் கம்ப்யூட்டர்ல ஒழுங்கா வைக்கிற படிப்பு. "அப்ப மொதல்ல உன் அலமாரிய ஒழுங்கா வை."

ஜூன் 14
புராஜெக்ட் வந்துவிட்டது. நானே ஒரு படிவம் செய்து நாற்பது பேரிடம் கேட்டு நிரப்ப வேண்டும். முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் ஆஸ்பத்திரியில் வேலைப் பயிற்சி. எனக்கு அது வேண்டும். வேண்டவே வேண்டும்.

இருமல் பதினான்கு நாளைத் தாண்டினால் என் படிவம் சிவப்பாகும். சிவப்பு வந்தவர்களைச் சளிப் பரிசோதனைக்குக் கூப்பிடுவதாக நர்ஸ் பொன்னி அக்கா ஒப்புக்கொண்டார். "பச்சைய நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன், சுகாசினி. உன்ன நம்பித்தான்." தலைகால் புரியவில்லை எனக்கு.

ஜூன் 19
சின்ன காஞ்சிபுரத்துக்காரர்களுக்கும் தேதிக்கும் ஆகவே ஆகாது.

முட்டிவலி எப்போதிலிருந்து? "கருட சேவைக்கு மறுநாள்லேர்ந்து." தலைசுற்றல்? "எங்க ஓர்ப்படி சண்ட போட்டதுலேர்ந்து." இதை எந்தக் காலண்டரில் தேடுவது?

மாணிக்கவேல் அண்ணன் தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "இருமலா? ரெண்டு புடவையா இருக்குதும்மா." படிவமோ நாள் கணக்குதான் வேண்டும் என்கிறது. ஒரு புடவைக்கு நாலு நாள் என்று எங்கோ கேட்ட ஞாபகம். எட்டு என்று போட்டேன். பச்சை. ஒரு கட்டம்கூடக் காலியில்லை!

ஜூன் 23
சார் என் வேலையைத் திரையில் எல்லோருக்கும் காட்டினார். இப்போதைக்கு இரண்டாம் இடம்!! அப்பா தன் ஷேர் ஆட்டோவில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாராம், அவர்கள் கேட்காமலே.

ஜூன் 26
அபிநயா வந்தாள். அவள் வீட்டில் இரண்டு தறி. சிரிப்பாளே என்றுதான் அந்த இரண்டு புடவைக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"மாணிக்கவேல் மாமாவா? அவரு நெய்யறது கல்யாணப் புடவைடி. ஒண்ணு முடிக்கவே இருபது நாளாவும்."

நாற்பது நாள்.

மனுஷன் நாப்பது நாளா இருமிக்கினு இருக்காரு, நான் பச்சை போட்டு வச்சிருக்கேன். ஒரு புடவைக்கு எத்தனை நாளுன்னு கேட்டா என்ன? வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்தேன்? இன்னும் பதினோரு பேருக்கும் இப்படித்தான் நானே ஊகித்துப் போட்டிருக்கிறேன். சாரிடம் சொன்னால் இரண்டாம் இடம் போச்சு. சொல்லாவிட்டால் —

ஜூன் 27
காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். "இந்தப் புடவைய முடிச்சிட்டு வரேம்மா" என்றார் அண்ணன். அவர் மனைவி காந்தா அக்கா, "பொண்ணு அழுவுது, கெளம்பு" என்றார். நான் அழுவதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பரிசோதனைக்குப் போன வழியெல்லாம் காந்தா அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 1
காசநோய். மாத்திரையில் குணமாகிவிடும் என்றார் பொன்னி அக்கா. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாருக்கு எழுதிவிட்டேன்.

ஜூலை 4
மற்ற பதினோரு வீட்டுக்கும் மறுபடி நடை. படிவத்தில் புதிதாக ஒரு கட்டம்: "அவர் சொன்னபடியே." ஓர்ப்படி சண்டை அப்படியே ஏறிவிட்டது.

ஜூலை 12
பதினேழாம் இடம். பயிற்சி கிடையாது. அம்மா கேட்காமலே வடை சுட்டாள். அழுதுகொண்டே ஆறு தின்றேன்.

ஆகஸ்ட் 30
காந்தா அக்கா கடைத்தெருவில் வழி மறித்தார். இரண்டு மாதமாகப் பேசாதவர். பயந்துவிட்டேன்.

"அவரு மூணு கிலோ ஏறிட்டாரு. எய்திக்கோ."

எந்த மெஷின்லக்கா? சாப்புட்டா, சாப்புடாமலா? சட்டையோடவா?

"ஐயே, தொணதொணன்னு! நாளைக்கு வூட்டுக்கு வந்து நீயே எடை போட்டுக்கோ. சாப்புட்டுப் போவலாம்."