தண்ணீர்த் தொட்டித் தெருவில் யாருக்கும் காய்ச்சல் இல்லை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை.

மூன்று வாரமாக எங்கள் சுகாதார நிலையத்தில் ஒரு காய்ச்சல்கூட இல்லை, உங்கள் மாவட்டச் சுகாதார அலுவலக வரைபடத்தில் எங்கள் ஊர் பச்சையாக இருக்கிறது என்று நேற்று போனில் பெருமையாகச் சொன்னீர்கள். தினமும் அந்தப் பூஜ்யத்தைக் கணினியில் ஏற்றுகிறவள் நான்தானே. பொய்யில்லை அண்ணா, காய்ச்சல் என்று ஒருவரும் வரவில்லை. ஆனால் மருந்துக் கடைக்காரர் காய்ச்சல் மாத்திரை வந்த அன்றே தீர்ந்துவிடுகிறது என்கிறார். எதை நம்புவது என்று தலை சுற்றியது.

அடுத்த ஊரில் தண்ணீர்த் தொட்டித் தெருவில் பதினாறு பேருக்குக் காய்ச்சல் என்று காட்டுகிறது, ஆள் அனுப்பி வீடு வீடாகப் பார்த்தால் எல்லோரும் கல்லு மாதிரி இருக்கிறார்கள், எங்கே தப்பு என்றே புரியவில்லை என்றும் சொன்னீர்கள். அதற்கு விடை இன்று காலை நம் கடைக்குட்டி வீட்டில் கிடைத்தது. அவள் மகள் வாண்டு நான்கு நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை. அடுத்த ஊருக்குத் தூக்கிப்போய்க் காட்டியிருக்கிறாள். முகவரி கேட்டதற்குத் தண்ணீர்த் தொட்டித் தெரு என்றாளாம். அவள் தெருக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தினேன். அவள் நிதானமாக, "போன வருஷம் நீ பதினொண்ணுன்னு போட்ட. அண்ணன் ஆளுங்க வந்து தெருவையே மூடினாங்க. அப்புறம் என் சாப்பாட்டுக் கடையில ஒருத்தராவது கை நனைச்சாங்களா?" என்றாள்.

அது கொசுக் காய்ச்சல். சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பதினொரு பேரும் பிழைத்தது நாம் சீக்கிரம் கண்டுபிடித்ததால்தான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் மாதக் கணக்கில் ஈ ஓட்டியதும் அவள்தானே. யார் பக்கம் நியாயம்? எழுத எழுதக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

மதியம் குழந்தை தண்ணீர்கூட வேண்டாம் என்றதும் நானே தூக்கிவந்து எங்கள் நிலையத்தில் சேர்த்துவிட்டேன். டிரிப் ஏறுகிறது. கடைக்குட்டி இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவள் ரத்த மாதிரியை உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவரும் வண்டியிலேயே இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

ஐந்து மணிக்கு உங்கள் திரையில் எங்கள் ஊருக்கு ஒன்று என்று வரும். அந்த ஒன்று நம் வாண்டு. ஆட்களை அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெருவைத் திறக்கிற அன்று நீங்களும் வாருங்கள். அவள் கடையில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை