வாசற்சுவரில் இரண்டு பெயர்கள்

லண்டன், 2004 ஒக்டோபர் 14, வியாழன்

காலையில் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். சப்பாத்தை வாசலிலேயே துடைத்துவிட்டு நுழைந்தபடியால் தேநீர் கொடுத்தேன். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த வீட்டில் ஓர் உதைபந்தாட்டக்காரர் இருந்தாராம். சம்பளத்துக்கு விளையாடிய முதல் ஆட்களில் ஒருவர். அதனாலேயே கனவான்கள் அவருக்குக் கைகொடுக்க மாட்டார்களாம். முழங்கால் உடைந்தபின் மீன் பொரித்து விற்றாராம். கேட்கப் பாவமாக இருந்தது.

அவர் நினைவாக ஒரு பலகை பதிக்க வேண்டுமாம். நல்ல பார்வையான இடம் கதவுக்கு மேலே என்றார். அங்கே என் கணவரின் பித்தளைப் பெயர்ப்பலகை இருக்கிறது, பி.எஸ்ஸி. பட்டத்துடன். அவர் காலமான பிறகும் ஞாயிறுதோறும் அதை மினுக்குகிறேன்.

"அம்மா, அப்பான்ரை போர்ட்டைக் கழட்டி உள்ளுக்கை கொழுவுவம். வீட்டு விலையும் கூடும்" என்றான் மகன்.

"கொப்பர் என்ன, கழட்டி உள்ளுக்கை கொழுவுற கோட்டோ?" என்றேன்.

பிறகு வந்தவரிடம், ஆட்டக்காரர் வீட்டுச் சொந்தக்காரரா என்று கேட்டேன். இல்லை, பின்னறையில் வாடகைக்கு இருந்தவர் என்றார். அப்படியானால் என் கணவருக்குக் கீழே, கதவோரம் பதிக்கலாம் என்றேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

சனிக்கிழமை உதைபந்தாட்டம் பார்க்க அப்டன் பார்க் ஸ்டேஷனில் இறங்கும் சனமெல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். இனி நின்று வாசிப்பார்கள். மேலிருந்துதானே வாசிக்க வேண்டும்.

மினுக்குவதை வெள்ளிக்கிழமைக்கு மாற்ற வேண்டும்.