பறந்தவர் பிழை செய்யவில்லை என்பது பற்றி

அனுப்புநர்:
ஒனோதெரா மிசாகோ,
நூல் சோதனைப் பொறுப்பாளர்,
ஹனேகவா, வட ஜப்பான்.

பெறுநர்:
விசாரணை அலுவலர் அவர்கள்,
பாராகிளைடர் விபத்துப் பிரிவு, ஹனேகவா.

பொருள்: ஜூன் 3 விபத்தில் இறந்தவர்மீது சுமத்திய பிழையை நீக்கி, என்மீது நடவடிக்கை எடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சிலந்தி இழையைப் பார்த்து ஆய்வகத்தில் நூற்ற நூலால் எங்கள் நிறுவனம், மனிதர் நூல்களில் தொங்கியபடி பறக்கும் பாராகிளைடர் இறக்கை செய்கிறது. மொத்த எடையே ஒன்றரை கிலோ. அதில் முதலில் பறந்தவர் டோகாஷி ரியோஹெய், வயது 31.

2. சிலந்தி இழை நனைந்தால் சுருங்கும். எங்கள் நூலுக்கு அந்தக் குணம் இல்லை என்று நம்பியிருந்தோம். டிசம்பரில் நான் நனைத்துப் பார்த்தபோது சுருங்கியது. மேலாளரிடம் சொன்னேன். "ஈரத்துல யாரு பறக்கப் போறா? காஞ்ச அளவ மட்டும் எழுதுங்க" என்றார். எழுதிக் கையொப்பமிட்டது நான்.

3. ஜூன் 3 காலை, மலையுச்சியில் ரியோஹெய் என்னிடம், "அக்கா, நூலெல்லாம் சரிதானே?" என்று கேட்டார். "சரிதான், போயிட்டு வாங்க" என்றேன். எதிர்பாராமல் மேகம் இறங்கி அவரை மூடியது. அவரைத் தாங்கிய நூல்கள் நனைந்ததும், பாரம் மிகுந்த முன்நூல்கள் அப்படியே இருக்க, பின்நூல்கள் சுருங்கி இறக்கையின் பின்பக்கத்தைக் கீழே இழுத்துவிட்டன. நடவு முடிந்த வயலில் விழுந்தார்.

4. தங்கள் அறிக்கை, அவர் இறக்கையின் பின்பக்கத்தைத் தாழ்த்தும் கைப்பிடியை அளவு மீறி இழுத்ததே காரணம் என்கிறது. நான் கொடுத்த தாளை நம்பித்தான் அப்படி எழுதினீர்கள்.

5. அறிக்கை வந்த மறுநாள் முதல் அவருடைய தந்தை எய்சாபுரோ, மீட்கப் போனவர்கள் மிதித்த வயல்களின் உரிமையாளர் வீடுகளுக்கு இனிப்புப் பெட்டியுடன் போய், "பையன் கவனமில்லாம தொந்தரவு குடுத்துட்டான்" என்று குனிந்து மன்னிப்புக் கேட்கிறார். ஆகஸ்ட் 28 அன்று எங்கள் அலுவலகத்துக்கும் வந்தார். என் முன்னால் தலை தரையில் படக் குனிந்து, "நீங்க பாடுபட்டுச் செஞ்சத அவன் வீணாக்கிட்டான்மா" என்றார். நானும் பதிலுக்குக் குனிந்தேன். உண்மையைச் சொல்லவில்லை.

6. பிறகு இரண்டு முறை அவர் வீட்டு வாசல்வரை போனேன். மணியை அழுத்த முடியவில்லை.

ஆகவே, இத்துடன் இணைத்துள்ள டிசம்பர் மாத ஈரச் சோதனைத் தாளை ஏற்று அறிக்கையைத் திருத்தவும், அந்த இறக்கைகளில் இனி எவரும் பறக்காமல் தடுக்கவும் வேண்டுகிறேன். எனக்கு உரிய தண்டனையைக் குறைக்க வேண்டாம். திருத்திய அறிக்கையைத் தபாலில் அனுப்பாமல், தங்கள் அலுவலர் ஒருவர் நேரில் சென்று அந்தத் தந்தைக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் இன்னும் நான்கு வீடுகளுக்குப் போக வேண்டியிருக்கிறதாம். அதற்குள் செய்தால் நன்று.

இடம்: ஹனேகவா
நாள்: செப்டம்பர் 4

இப்படிக்கு,
தவறிழைத்த,
ஒனோதெரா மிசாகோ