கொம்பைக் கழற்றும் அம்மாக்கள்

14 ஏப்ரல் 2007, சனி. பிஸ்கட்டவே, அமெரிக்கா.

தமிழ்ச் சங்கப் புத்தாண்டு விழாவில் இன்று ரத்தம் சிந்தியது. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவது யார் என்பதுதான் சண்டை. "நான்தான்யா பிரசிடென்ட்" என்று என் வீட்டுக்காரர் மைக்காலேயே செயலாளர் முருகேசனின் வாயில் அடித்தார். பல் தெறித்தது. முருகேசன் திருப்பி விட்ட குத்தில் இவர் மூக்கு உடைந்தது.

காரை நான்தான் ஓட்டினேன். பின்சீட்டிலிருந்து மகள் நிலா, பள்ளியில் படித்ததை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள். இரோகுவாய் என்கிற அமெரிக்கப் பழங்குடிகளில் தலைவனை நியமிப்பது அம்மாக்களாம். அவன் கெட்டுப்போனால் பதவிக்கு அடையாளமாக அவன் தலையிலிருக்கும் மான்கொம்பைக் கழற்றுவதும் அவர்கள்தானாம். அமெரிக்காவை உண்டாக்கியவர்கள் அந்த மக்களிடம் கூட்டாட்சியைக் கற்றார்களாம், அம்மாக்களை மட்டும் விட்டுவிட்டார்களாம்.

"வாய மூடு" என்று இவர் திரும்பி அவளை அடிக்கக் கை ஓங்கினார்.

ஹைவே ஓரமாகக் காரை நிறுத்தினேன். இவர் மடியில் இன்னும் அந்தப் பொன்னாடை இருந்தது. அதைப் பிடுங்கி முகத்தில் எறிந்தேன். "மூக்கத் தொடைச்சிக்கோங்க. நாளைக்கு ரிசைன் பண்றீங்க. இல்லேன்னா போலீஸ்ல நானே சாட்சி சொல்வேன்."

பொன்னாடை இப்போது குப்பைத் தொட்டியில். கீழே சோபாவில் இவர் முனகுகிறார். அறையை உள்பக்கம் பூட்டிவிட்டேன். நிலா என் வலது கையைப் பிடித்தபடி தூங்குகிறாள், இதை இடது கையால் எழுதுகிறேன்.