முத்திரைக்கு விட்ட இடம்

ஏழு ஆறுகளும் வற்றாத நாவலஞ்சீமையை ஆளும் கோ தழல்வண்ணர் திருவாணைப்படி, மந்திரி பொறையன் சாத்தனார், அரசு செயலிக்கூடத்துத் தலைவர் எயினனாருக்கும் அவர்தம் பன்னிரு வினைஞருக்கும் எழுதுவித்த ஓலை. உங்கள் கூடத்தில் மின்சாரம் தடைபடாதிருக்க. உங்கள் கண்ணும் விரலும் நலமாயிருக்க.

நீவிர் சென்ற திங்களில் வெளியிட்ட ஓடச்சீட்டுச் செயலியால், பார்வையற்ற யாழ்க்கலைஞர் சேந்தன் மகள் கொற்றி, அக்கரைப் பள்ளியின் இசையாசிரியர் தேர்வுக்குப் போக இயலாது நின்றார். திரையை வாசித்துச் சொல்லும் குரல், முதலில் தொட்டதைப் பொத்தான் என்றது. அடுத்ததையும் பொத்தான் என்றது. மூன்றாவதையும் அப்படியே சொன்னது. அவர் தொட்டது, எடுத்த சீட்டை ரத்து செய்யும் பொத்தான். ஓடம் போய்விட்டது. பங்குனி முழுநிலா நாளில் மறுதேர்வு வைக்கப் பள்ளி இசைந்துள்ளது. அதுவும் தவறினால் பணி வேறொருவருக்கு.

வெளியீட்டுக்கு முன் நீவிர் பன்னிருவரும் கண்ணில் துணி கட்டிக்கொண்டு நொடியில் சீட்டெடுத்துக் காட்டியதையும், மந்திரி மனங்குளிர்ந்து முத்திரையிட்டதையும் யாரும் மறக்கவில்லை. ஆறு மாதம் அதே திரையைத் தேய்த்த விரல்களுக்குக் கண் எதற்கு என்று அன்று அவருக்குத் தோன்றவில்லை. நினைக்கும்தோறும் வெட்கமாக இருக்கிறது என்று எழுதச் சொன்னார், எழுதியாயிற்று.

பின்னர் மந்திரி, முன்பின் பாராத அயல்நாட்டுச் செயலி ஒன்றில், திரையை மூடிச் செவியை மட்டும் நம்பி ஒரு மூட்டை தினை வாங்க முயன்றார். காலைப்பொழுது முழுவதும் போயிற்று. மூன்றாம் நாள் அரண்மனை வாயிலில் நான்கு வண்டி வைக்கோல் வந்து நின்றது. யானைகளுக்குக் கொண்டாட்டம், மந்திரிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பார்வையற்றோர் தேவையைக் கவனிக்கத் தனியே ஒருவரை அமர்த்தினால் போதும் என்றும், மறுதேர்வு நாளில் கொற்றியை ஓடமேற்ற ஆள் அனுப்புவதாகவும் எயினனார் விண்ணப்பித்திருந்தார். எல்லாவற்றையும் அந்த ஒருவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர் கைகழுவுவர் என்று முன்னதை மந்திரி மறுத்தார். பின்னதைக் கொற்றியிடமே கேட்டனுப்பினார். வந்த மறுமொழி இது: “நான் துணைக்கு ஆள் கேக்கலீங்க. சீட்டுத்தான் கேட்டேன்.”

ஆகவே ஆணை. வண்ணம் தேர்பவர், நிரல் எழுதுபவர், சோதிப்பவர், தலைவர் என எவரும் விலக்கின்றி வாரம் இரு முற்பகல் பயிற்சிக்கு அமர்க. தாம் செய்யாத செயலியில், திரை மூடி, செவியால் மட்டுமே வேலை முடிக்கப் பழகுக. பழகியபின் தம் செயலிக்குத் திரும்பி, ஒவ்வொரு பொத்தானுக்கும் அது செய்யும் வேலையையே பெயராகச் சூட்டுக.

முழுநிலா நாள் காலையில் மந்திரி அக்கரைப் படியில் நிற்பார். முத்திரை மோதிரம் அவர் விரலில் இராது. கொற்றி தாமே எடுத்த சீட்டோடு கரையேறிய பின்னரே அதை அணிவதாக அரசர் முன் சொல்லிவிட்டார். ஆதலால் இவ்வோலையில் முத்திரை இல்லை. அதைக் காரணங்காட்டி ஆணையைத் தள்ளிவைக்க வேண்டா.

இவை ஓலை எழுதுவோன் மாறன் காரி எழுத்து. கீழே இடம் விட்டிருக்கிறேன்.