என் படம் வராத பக்கம்

செப்டம்பர் 2, செவ்வாய். சித்தூர்.

திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு இந்த ஆண்டு எங்கள் பத்திரிகைப் பதிப்புக்கு இரண்டு பாஸ். சொன்னவர் செய்தி ஆசிரியர் வரதராஜன், காலை 10.20, போனில். பட்டியல் 18-ம் தேதி போகும். இந்த முறை தாளில் எழுதிக் கொடுப்பது இல்லை. அலுவலகத்தின் புதிய இணையப் பக்கமே பெயரையும் படத்தையும் எடுத்துப் பட்டியல் போடும். படம் இல்லாத பெயரை அது ஏற்காது.

ஒன்று எனக்கு. பத்தொன்பது வருஷமாகக் கருட சேவைக்கு நான்தான் போகிறேன். இன்னொன்று கோகுலகிருஷ்ணனுக்கு. குப்பத்துக்காரன், இருபத்தொன்பது வயது, திருப்பதி அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு வருஷம்.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவன் படம் வருகிறது. நீலச் சட்டை, கட்டிய கை, பின்னால் மலை. என் பெயருக்கு நேரே வெற்றுக் கட்டம், மூலையில் கிழிந்த தாள் போல ஒரு குறி. தாட்சாயணி, முதுநிலை நிருபர், சித்தூர். அவ்வளவுதான்.

செப்டம்பர் 3

காலையில் பார்த்தேன். மதியம் பார்த்தேன். கட்டம்தான். அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

செப்டம்பர் 5, வெள்ளி

நாகலாபுரம் கோயில் பற்றி கோகுல் எழுதியது முதல் பக்கத்தில் வந்திருக்கிறது. கங்காதர நெல்லூர் கரும்பு விவசாயிகள் பற்றி நான் எழுதியது ஏழாம் பக்கம், கீழே. அவன் செய்தியைத் தப்பு கண்டுபிடிக்கவே வரி வரியாகப் படித்தேன். தூரக் கணக்கு தவறு என்று தோன்றியது. விசாரித்தேன். சரியாகத்தான் இருந்தது.

சரியாக இருந்ததில் எனக்கென்ன வருத்தம்? இருந்தது.

செப்டம்பர் 8, திங்கள். திருப்பதி.

பஸ்ஸில் வந்து யஸ்வந்தைப் பார்த்தேன். பக்கத்தைச் செய்தவர் அவர். ஊழியர் எல்லோருடைய பெயர், போன் எண், படம் எல்லாம் டைரக்டரி சர்வர் என்ற ஒரே இடத்தில் இருக்கிறதாம். பக்கம் அங்கிருந்து எடுத்துக் காட்டுகிறது.

"உங்க போட்டோ சர்வர்ல இருக்குது மேடம். பேஜுக்குத்தான் வர மாட்டேங்குது. பாத்துக்கினே இருக்கேன்" என்றார்.

"கோகுலோடது மட்டும் எப்படி வருது?"

"அது வேற மாதிரி போட்டது மேடம்." அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது.

படிக்கட்டில் அட்டெண்டர் பாலையா குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க மேடம். போன மாசம் கடைசி சனிக்கெழம கோகுல் சாரு யஸ்வந்த் பக்கத்துல நாற்காலி போட்டுக்கினு குந்தினு இருந்தாரு. ஸ்க்ரீன்ல உங்க பேரு. ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு."

சிரித்தார்களா.

செப்டம்பர் 9

இருபத்தாறு வருஷத்தில், ஒருவர் மட்டும் சொன்னதை நான் செய்தியாக அனுப்பியதில்லை. இரண்டாவது ஆள் சொல்லும் வரை காத்திருப்பேன். அதனால் எத்தனையோ செய்தி அடுத்த பத்திரிகைக்குப் போயிருக்கிறது. பரவாயில்லை என்றுதான் இருந்தேன்.

இன்று மதியம் 2.15-க்கு வரதராஜனுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கோகுலகிருஷ்ணன், யஸ்வந்தை வைத்து என் படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டான், பாஸ் எனக்குக் கிடைக்கக் கூடாது என்பதே நோக்கம் என்று. ஆறு பேருக்கு நகல்.

அனுப்பின பிறகு நல்லா பசிச்சுது. ரெண்டு தட்டு சோறு துன்னேன்.

செப்டம்பர் 11, வியாழன்

வரதராஜன் பேசினார். "ரெண்டு பேரு பாஸையும் நிறுத்தி வெச்சிருக்கேம்மா. திங்கக்கெழம வா, உக்காந்து பேசலாம்."

எனக்கு இல்லையென்றால் அவனுக்கும் இல்லை. இதை எழுதும்போது கை கூசவில்லை என்பதையும் குறித்து வைக்கிறேன்.

செப்டம்பர் 15, திங்கள். திருப்பதி.

அறையில் நான்கு பேர். வரதராஜன், யஸ்வந்த், கோகுல், நான். என் மின்னஞ்சலை வரதராஜன் சத்தமாகப் படித்தார். என் வாக்கியங்கள்தான். வேறு யாரோ எழுதியது போலக் கேட்டது.

கோகுலுக்குக் கோபம் வரவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. "என் படமும் வரலக்கா. கட்டமாத்தான் வந்துச்சு. அதான் படத்த வேற எடத்துல ஏத்தி, லிங்க்க மட்டும் போடச் சொன்னேன். லிஸ்ட்ல உங்க பேருக்குக் கீழதான் என் பேரு. அதைத்தான் யாரோ பாத்துட்டு வந்து சொல்லிக்கிறாங்க."

"சிரிச்சது?"

"என் பழைய படத்துக்கு. அதுல மீசையே இல்லக்கா, ஸ்கூல் புள்ள மாதிரி இருப்பேன்."

"லிங்க் போட்டா வரும்னு தெரிஞ்சுதில்ல. எனக்கு ஏன்டா சொல்லல?"

"தோணலக்கா."

தோணல. அதை நம்பினேன். மன்னிக்கத்தான் முடியவில்லை.

வரதராஜன் முடித்துவிடப் பார்த்தார். நான் விடவில்லை. யஸ்வந்திடம் எண் கேட்டேன். சர்வரில் என் படம் எவ்வளவு பெரிது? 21,406 பைட். பக்கத்துக்கு வந்து சேர்வது? அதை அவர் பார்த்ததே இல்லையாம். பார்த்தார். 4.

"படம் வராத மத்தவங்களுக்கு?"

என்னையும் சேர்த்து ஐந்து பேர். சர்வரில் ஐந்தும் வேறு வேறு அளவு. வந்து சேர்வது 4, 4, 4, 4, 4.

யஸ்வந்த் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ மேடம். பேரு, போன் நம்பர் எல்லாம் எழுத்து. போட்டோ எழுத்து இல்ல. நான் எல்லாத்தையும் ஒரே கமாண்டுல எழுத்தாவே படிச்சுட்டேன். அப்படிப் படிச்சா பூஜ்யம் வந்த எடத்துல முடிஞ்சுச்சுன்னு நின்னுக்கும். இந்த போட்டோவுல எல்லாம் அஞ்சாவது பைட்டே பூஜ்யம்."

நீளத்தைத் தெரிந்துகொண்டு முழுதாக வாங்க வேறு கமாண்டு இருக்கிறது. ஒரு வரி மாற்றினார். 21,406 வந்தது. கட்டத்தில் நான் வந்தேன்.

என்னை யாரும் நீக்கவில்லை. ஐந்து பேரையும் ஒரே இடத்தில் வெட்டிய தவறு. இந்தக் கேள்வியை 8-ம் தேதியே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே கிடைத்த பதில் எனக்குப் பிடித்திருந்தது.

புறப்படும்போது வரதராஜன் சொன்னார்: "நிறுத்தி வெச்ச நேரத்துல ஹெட் ஆபீஸ்ல ஒரு பாஸ வீடியோக்காரங்களுக்குக் குடுத்துட்டாங்கம்மா. இப்ப மிச்சம் ஒண்ணுதான். கிளப்பினது நீ. யாருன்னு நீயே சொல்லு. வியாழக்கெழம அஞ்சு மணிக்குள்ள."

செப்டம்பர் 16

தவறு எந்த இடத்தில் வந்ததோ அந்த இடத்திலேயே திருத்தமும் வர வேண்டும். எங்கள் பத்திரிகையின் வழக்கம். அதே ஆறு பேருக்கு நகலோடு எழுதினேன். 'என் புகார் தவறு. ஒருவர் சொன்னதை மட்டும் கேட்டு எழுதினேன்.' அதன் கீழே, 'ஆனால் வழி தெரிந்தும் அவர் எனக்குச் சொல்லவில்லை' என்று சேர்த்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். மறுபடி அழித்தேன். காலை 11.40-க்கு அந்த வரி இல்லாமல் மின்னஞ்சல் போனது.

செப்டம்பர் 17

நானே போகலாம். ஒருவரும் தப்பு சொல்ல மாட்டார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

பட்டியல் போய்விட்டது. மாலை 4.40, வரதராஜன் அனுப்பிய நகலில் பார்த்தேன். ஒரு பெயர், கோகுலகிருஷ்ணன். சொன்னது நான். இரண்டு இடம் ஒன்றானது என் மின்னஞ்சலால். அந்தக் குறைவை அவன் தலையில் கட்ட முடியவில்லை.

பெருந்தன்மை என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்களாம். இல்லை. இன்று நான்கு மணி வரை பக்கத்தைத் திறந்து இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கோகுல் போன் செய்தான். "அக்கா, கருட சேவை அன்னிக்கு எங்க நிக்கிறது, எப்ப உள்ள போறது, சொல்லுங்கக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

எந்த வாசல் என்று சொன்னேன். எத்தனை மணிக்குள் என்று சொன்னேன். தண்ணீர் கொண்டு போகச் சொன்னேன். எழுதிக்கொண்டான், திரும்பப் படித்தும் காட்டினான். தப்பில்லாமல்.

கூட்டம் நிறைந்த பிறகு போனில் சிக்னல் போய்விடும். செய்தி அனுப்ப ஒரே ஓர் இடத்தில்தான் கிடைக்கும். அது எனக்குப் பன்னிரண்டாவது வருஷம்தான் தெரிந்தது. அதைச் சொல்லவில்லை. தோன்றாமல் இல்லை.

கருட சேவை 28-ம் தேதி. அவன் 27 காலை மலைக்கு ஏறுகிறான். அதற்குள் நான் போன் செய்ய வேண்டும். இன்னும் செய்யவில்லை.